ஊட்டும் கை

நரின் என்ற மலையூரின் விருந்தில், கையால் ஊட்டுகிறவரை மறுக்கக் கூடாது. தோலோன் ஒரு பிடி ஆட்டிறைச்சியைத் தங்கை மகனின் வாய்க்கு நேராக நீட்டுகிறார். தங்கை பெகாயிம் அந்தக் கையைத் தடுத்துப் பிடிக்கிறாள். இதுவரை பால் தவிர எதுவும் இறங்காத அவள் மகன் எர்மெக், மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தானே எடுத்த வெந்த உருளைக்கிழங்கை வாயில் வைத்து ஓங்கரிக்கிறான். "புள்ளைக்குத் தொண்ட அடைக்குது, பாத்துக்கிட்டே இருக்கியே." "சத்தம் வருதுல்லண்ணே, மூச்சு போகுது. நாக்கு தள்ளிப் பழகுது. நீங்க திணிச்சா பயந்துடுவான்." அவள் பிடி தளரவில்லை. ஜன்னல் வெயிலில் குழந்தையின் கண்ணீர் மின்னுகிறது. கிழங்கு நாக்கு நுனிவரை வந்து, மெல்லத் திரும்பி உள்ளே போகிறது. தொண்டை ஏறி இறங்குகிறது. எர்மெக் சிரித்தபடி மிச்சக் கிழங்கை மாமன் வாய்க்கு நேராக நீட்டுகிறான். தோலோன் வாயைத் திறக்கிறார்.