கன்னியாஸ்திரீயின் கடிதம், இருபது மதிப்பெண்

பத்தொன்பதாவது விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் அவள் பேனா நின்றது.

திருத்தும் முகாமுக்கு வந்த எல்லாத் தாளிலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான். கன்னியாஸ்திரீ தன் காதலனுக்கு எழுதும் கடிதத்தில் பக்தி வெல்கிறதா, ஆசை வெல்கிறதா?

முன்னூறு வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கிலக் கவிஞன் எழுதியது. கதை அவனுக்கும் அறுநூறு வருடம் மூத்தது. பாடம் சொல்ல வந்தவனோடு ஒரு பெண் பழகினாள். அவள் மாமன் ஆள் அனுப்பி அவனை ஊனமாக்கினான். அவன் மடத்துக்குப் போனான். அவளும் கன்னியர் மடத்துக்குப் போனாள். அங்கிருந்து எழுதுகிறாள்.

கவிதையில் அவள் மட்டும்தான் பேசுகிறாள்.

எதிர் மேசையில் திருத்திக்கொண்டிருந்த ஜெசிந்தா சிரித்தாள்.

"இங்க பாருங்க மேடம். அந்த சிஸ்டர், கவிஞரோட சம்சாரமாம். ஒரு மார்க் போடட்டா?"

"போடுங்க. பாவம், அவளுக்குக் கல்யாணமாவது ஆகட்டும்."

சொல்லிவிட்டுத் தாளை மறுபடி படித்தாள்.

இடது பக்கம் சாய்ந்த எழுத்து. தெரியாத கையெழுத்து. மூன்று பக்கம் கைடில் உள்ளதுதான். நான்காவது பக்கத்தில் கைடு இல்லை. இப்படி எழுதியிருந்தது.

கடிதம் அவனுக்குக் கிடைத்தது. ரொட்டிப் பொட்டலத்துக்குள் இருந்தது. பதில் எழுதக் கை இல்லை. இடது கை பழகுவதற்குள் அவளை ஊரைவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். கவிஞர் இதைச் சொல்லவில்லை.

கீழே ஒரு வரி. ஐயா, எனக்கு இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி.

கவிதையில் ரொட்டி கிடையாது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பெரியாஸ்பத்திரி எலும்பு முறிவு வார்டுக்கு அவள் ரொட்டி கொடுத்தனுப்பினாள். அதற்கு இரண்டு நாள் முன்புதான், அவள் பழகியவன் எந்தத் தெரு என்று சித்தப்பா விசாரித்திருந்தார். மறுநாள் நான்கு பேர் அவன் வலது கையை நசுக்கியிருந்தார்கள்.

ரொட்டிக்குள் என்ன வைத்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

பதில் வரவில்லை. வெறுத்துவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

முதல் பக்கத்தைத் திருப்பினாள். பெயர் இருந்த இடத்தைக் கிழித்து எடுத்திருந்தார்கள். டம்மி எண் மட்டும் இருந்தது. தொலைநிலைக் கல்வி. எந்த ஊர் என்று இல்லை. கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

மற்ற விடைகளின் மதிப்பெண்ணைக் கூட்டினாள்.

நாற்பத்தொன்று.

ஐம்பது வந்தால் பாஸ். இதற்கு ஒன்பது போட்டால் போதும். பன்னிரண்டு தகும்.

பாஸானால் இனி எழுத மாட்டான்.

எட்டு என்று எழுதப் போனாள். நாற்பத்தொன்பதை முகாம் சேர்மன் விடமாட்டார். ஐம்பதாக்கிவிடுவார்.

ஆறு போட்டாள்.

சாயங்காலம் நவம்பர் அரியர் முகாமுக்குப் பெயர் கேட்டு ஒரு படிவம் மேசை மேசையாக வந்தது. ஆளாளுக்குப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அவள் வாங்கி முதல் வரியில் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன மேடம், இனிமே இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்னீங்க?" என்றாள் ஜெசிந்தா.

எந்தப் பேப்பர் திருத்த விருப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது.

அதையும் நிரப்பினாள்.