நல்லெண்ணெய்க் கை

கழுத்தில் ஜெஸீமா கை வைத்ததும், குப்புறக் கிடந்த என்ர மனுசி ஒரு சத்தம் போட்டாள்.

சின்னச் சத்தம். பெருமூச்சு மாதிரி.

கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

ஜெஸீமா கிண்ணியாப் பெட்டை. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு மசாஜ் செய்கிறவள். லண்டனில் இருக்கிற மகள் போனில் கதைத்து ஒழுங்குபண்ணி அனுப்பியிருக்கிறாள். அம்மாவின்ர மனதுக்கு ஆறுதலாக இருக்குமாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கொண்டுவந்தது சின்னப் போத்தல். லவெண்டர் எண்ணெய். துறைமுகக் காற்று ஜன்னலால் அடித்தும் அந்த வாசம் போகவில்லை. என்ர வீடு என்ர வீடு மாதிரியே இல்லை.

நான் நல்லெண்ணெயில் உள்ளிப்பூடு போட்டுக் காய்ச்சுகிறவன். துறைமுகத்தில் வடம் இழுத்த கை, சொரசொரப்புத்தான். ஆனால் மனுசி புஷ்பவதி குசினிப் படியில் விழுந்து முள்ளந்தண்டு உடைந்த பிறகு, பின்னேரம் தவறாமல் அவளின்ர கால் இரண்டையும் உருவிவிடுகிறது இந்தக் கைதான்.

இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டொக்டர் சொன்னவர். டொக்டர்மாருக்கு என்ன தெரியும்? அவளே சொல்லுவாள், அந்த இடந்தான், இன்னும் கொஞ்சம் அழுத்துங்கோ என்று.

ஆனால் என்ர கைக்கு அவள் ஒருநாளும் இப்படிக் கண்ணை மூடிக் கிடந்ததில்லை.

"கழுத்திலயே குடியிருக்கப் போறியோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"உங்கட கழுத்தே? பேசாம இருங்கோ" என்றாள் மனுசி, தலையணைக்குள் முகத்தை வைத்தபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்சம் பொறுத்து, காலைப் பிடி என்று ஜெஸீமாவுக்குக் கையால் காட்டினேன். வேற்றுக் கை என்று இவளுக்குத் தெரியாமலா போகும்? தெரிந்ததும் ஏசுவாள். அதை இந்தப் பெட்டை கேட்கவேண்டும்.

ஜெஸீமா சத்தமில்லாமல் கீழே நகர்ந்தாள். கெண்டைக்காலைப் பெருவிரலால் அழுத்தி உருவினாள். மேலே, கீழே, திரும்ப மேலே. பொய் சொல்லக்கூடாது, வேலை தெரிந்த கை.

நான் காத்திருந்தேன்.

"களைச்சுப் போனியோ பிள்ளை? கையை எடுத்திட்டாய்" என்றாள் புஷ்பவதி. "இருந்து களைப்பாறு. ஆனா காலில மட்டும் தொட்டிடாதை, என்ன. அது இவரின்ர கையைத்தான் அறியும். வேற ஆக்கள் தொட்டா எனக்கு உடன தெரியும்."

ஜெஸீமா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கையும் கெண்டைக்காலில் அப்படியே நின்றன.

"ஓம்" என்றேன். "அவள் தொடேல்லை."