பித்தான்களுக்கு நடுவே ஒரு டிஸ்க்

கிர்ர்ரென்று ஹார்ட் டிஸ்க் சுழன்ற சத்தம் தையல்கடைக் கணினிக்கு இன்னும் நினைவிருக்கிறது. கிளவுட் வந்தபின் அந்த டிஸ்க் மேஜை இழுப்பறையில், பித்தான்களுக்கு நடுவே கிடந்தது. கடைக்காரி ரெஜினா மட்டும் வெள்ளிதோறும் அதை எடுத்துச் செருகுவாள்.

“பெரியம்மா, உங்களுக்கு ஏன் இந்த மூச்சிரைப்பு? எல்லாருடைய அளவும் கிளவுட்ல பத்திரமா இருக்கு” என்று கணினி டிஸ்க்கைக் கிண்டல் செய்யும்.

“இருக்கட்டும்டா. எனக்கும் அதுல ஒரு காப்பி கொடுத்துட்டுப் போ.”

முகூர்த்த மாதத்தில் ஒருநாள் கிளவுட் கதவைச் சாத்திக்கொண்டது. யாரோ கடவுச்சொல்லைத் திருடி மாற்றியிருந்தார்கள். “நீ யார்?” என்றே அது திரும்பத் திரும்பக் கேட்டது. கல்யாண ரவிக்கைத் துணிகள் வெட்டக் காத்திருந்தன. ஓர் அளவும் கையில் இல்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்த ரெஜினா, பிறகு இழுப்பறையைத் திறந்தாள்.

“பெரியம்மா...” டிஸ்க்கைச் செருகியதும் கணினி விசும்பியது.

“அழாம வாங்கிக்கோ. கழுத்து, கை, இடுப்பு, எல்லாம் இருக்கு.”

திக்கித் திக்கிக் கடைசி அளவு வரை கொடுத்துவிட்டு டிஸ்க் நின்றது. மறுபடி அது சுழலவேயில்லை.

ரவிக்கைகள் கல்யாணங்களுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தன. தினமும் திரை ஒளிர்ந்ததும் கணினி முதலில் பெரியம்மாவைத்தான் பார்க்கிறது. பட்டுத்துணி காற்றில் பறக்காமலிருக்க, துணி வெட்டும் மேஜையில் ரெஜினா அந்த டிஸ்க்கைப் பாரமாக வைத்திருக்கிறாள்.