நடுக்கட்டத்தில் ராஜா

வெள்ளவத்தை மண்டபத்தின் ஏசிக் குளிரிலும் யதுர்ஷாவின் மேலுதடு வியர்க்கிறது. சர்வதேச மகளிர் அணிச் சதுரங்கப் போட்டியில் இது கடைசி ஆட்டம். வென்றால் அவளுக்கு மாஸ்டர் பட்டம். இலங்கை அணியில் அது கேப்டன் சுபோதினிக்கு மட்டும்தான் இருக்கிறது. இன்னும் மூன்றே நகர்வில் மேட். அதைக் கண்டுகொண்ட எதிராளி, உலர்ந்த குரலில் ஆட்டத்தைச் சமனாக முடிக்கக் கேட்கிறாள். யதுர்ஷாவின் விரல் ராணிக்கு மேலே நிற்கிறது. தொட்டாலே போதும், சமன் செல்லாது. பின்னாலிருந்து சுபோதினியின் வளையல் சத்தம்.

"சமனை எடும் பிள்ளை."

"அக்கா, நான் வெல்லப்போறன்!"

"தெரியும். டீமுக்கு அரைப் புள்ளியே காணும். எடும். இல்லாட்டி அடுத்த முறை உம்மட பேர் லிஸ்டில இராது."

கடற்கரை ரயில் கண்ணாடிகளை அதிரவைத்துக்கொண்டு போகிறது. யதுர்ஷா விரலை மெல்ல விலக்கி, எதிராளியின் ஈரக் கையைக் குலுக்குகிறாள். சமன் என்று பலகையோடு இணைந்த கணினிக்குக் காட்ட, இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் வைப்பது வழக்கம். எதிராளி தன் ராஜாவைச் சட்டென்று வைத்துவிடுகிறாள்.

"உம்மடதையும் வையும் பிள்ளை. பிறகு இஞ்சால பார்த்துச் சிரியும், போட்டோ எடுக்கினம்."

யதுர்ஷா வைக்கிறாள். அவளருகே வந்து நிற்கும் சுபோதினி, நெஞ்சிலிருக்கும் மாஸ்டர் பேட்ஜை நேராக்கிக்கொள்கிறாள்.