சோத்துக்கை

பொறி மூடிக்கொண்டது. உள்ளே இருந்தது அவளுடைய வலது கை.

சத்தம் மரங்களுக்குள் ஓடி அடங்கியது. பிறகு பனி மட்டும்தான்.

அவள் கத்தவில்லை. கத்தினால் யார் வரப்போகிறார்கள்? வண்டிக்கு அரைமணி நேர நடை. செல்போன் வண்டிக்குள். வீடு அதற்கும் அப்பால் நாற்பது கிலோமீட்டர்.

லிங்க்ஸ் என்கிற காட்டுப்பூனையின் கழுத்துக்காகச் செய்த பொறி. இரண்டு பக்கமும் ஆள் பலத்துக்கு அசையாத ஸ்பிரிங். தோலுக்காகப் பொறி வைக்கும் உரிமம் வாங்கி ஒன்பது நாள். இது அவள் வாழ்க்கையின் முதல் பொறி.

பாதுகாப்புக் கொக்கியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். பயிற்சி வகுப்பில் தலைப்பாடாக அடித்துச் சொன்னார்கள். அவள் கழற்றினாள். பிறகுதான் கண்ணில் பட்டது, மேலே மூடிய கிளை கொஞ்சம் கோணலாக இருப்பது. வாசல் கோலத்தைத் திருத்துகிற மாதிரி கையை நீட்டிவிட்டாள்.

தடித்த கையுறை இருந்ததால் ரத்தம் இல்லை. எலும்பு என்ன ஆனதென்று தெரியவில்லை. விரல்களை அசைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் சொன்னபடி கேட்கவில்லை.

இழுத்தாள். சங்கிலி விறைத்தது. மரத்தில் அதை ஆணியடித்து இறுக்கியதும் அவளேதான். என்ன நேர்த்தி! சுத்தியல் பைக்குள் இருந்தது. பை இரண்டு எட்டுத் தள்ளிக் கிடந்தது. காலை நீட்டிப் பார்த்தாள். ஒரு சாண் குறைந்தது.

"கோழி வெட்டவே கண்ணை மூடுற ஆள், நீரோ பூனை பிடிக்கப் போறீர்?" என்று காலையில்கூடக் கணவன் சிரித்தான்.

கயிறு. சட்டைப் பையில் கயிறு இருந்தது.

ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்களிலும் கயிற்றைக் கோத்து, ஒரு நுனியைச் சப்பாத்தில் மாட்டி மிதித்து, மறுநுனியை முன்கையில் சுற்றி மேலே இழுக்க வேண்டும். வளையங்கள் நெருங்கும்போது கொக்கியைப் போட வேண்டும். ஒற்றைக் கையாலும் முடியும். சப்பாத்தில் மாட்டும் சுருக்கை மட்டும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும்.

அவள் போட்டு வைக்கவில்லை.

இடது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். மைனஸ் இருபத்தெட்டு. வெறும் விரல் ஐந்து நிமிடம் தாங்கும் என்றார்கள்.

கயிற்றை முழங்காலில் வைத்தாள். வளைத்தாள். நழுவியது.

மறுபடியும். நழுவியது.

இப்படி, இல்லை, அப்படி, மேலால், கீழால் என்று இடது கைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது ஒன்றும் விளங்காத பிள்ளையாட்டம் விழித்தது. விரல் நுனிகள் வெளுத்துக்கொண்டு வந்தன. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வெளிச்சம் போய்விடும்.

ஆறு வயது வரை அவளுக்கு எல்லாமே அந்த இடது கைதான்.

பட்டத்துக்கு முடிச்சுப் போட்டதும், மண்ணில் முதல் எழுத்து எழுதியதும் அது. அம்மா அதில் வேப்பெண்ணெய் பூசினாள். ஆசிரியர் அடிமட்டத்தைக் குத்தாகப் பிடித்து விரல் மொளியில் அடித்தார். ஒரு வருடத்தில் கை திருந்திவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இன்று காலை நிதுஷாவின் கையில் அவளும் அடித்திருந்தாள். ஐந்து வயது மகள். வலது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டியாயிற்று. இது சோத்துக்கை, மற்றது பீச்சங்கை என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. பிள்ளை அழுதபடியே வலது கையால் சாப்பிட்டது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பனியில் மண்டியிட்டு, யாரும் பார்க்காத இடத்தில், அவ்வளவு வெட்கம்.

கண்ணை மூடினாள். கைக்குச் சொல்வதை நிறுத்தினாள்.

விரல்கள் கொஞ்சம் தயங்கின. பிறகு நூல் நுனியைத் தேடுவதுபோல் கயிற்றின் நுனியைத் தேடின. பெருவிரல் அழுத்திப் பிடித்தது. ஆள்காட்டி விரல் சுற்றி வந்து உள்ளே நுழைந்தது.

சுருக்கு விழுந்தது.

சப்பாத்தை நுழைத்து மிதித்தாள். இழுத்தாள். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. வளையங்கள் நெருங்கின. கொக்கி விழுந்தது.

ஒன்று. இன்னொரு ஸ்பிரிங் பாக்கி.

அதற்கு அவள் கண்ணைத் திறக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவன் சோறும் பருப்பும் பரிமாறிக்கொண்டிருந்தான். துணி சுற்றிய கையைப் பார்த்து அகப்பையை அப்படியே வைத்தான்.

"என்னப்பா, கைக்கு என்ன?"

"பொறிக்குள்ள மாட்டிட்டுது. சாப்பிட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நிதுஷா அவளைக் கண்டதுமே இடது கையைத் தட்டிலிருந்து எடுத்து மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டாள். கன்னத்தில் பருப்பு. வலது கை சுத்தமாக, நூலோடு, மேசைமேல் இருந்தது.

அவள் எதிரே உட்கார்ந்தாள். வீங்கிய கையை மடியில் வைத்தாள். இடது கையால் சோற்றைக் குழைத்தாள்.

முதல் வாய் பாதி வழியில் சிந்தியது. இரண்டாவது போய்ச் சேர்ந்தது.

பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது. மேசைக்கடியிலிருந்து சின்னக் கை மெல்ல வெளியே வந்து, தட்டின் விளிம்பில் நின்றது.

"அம்மா, எந்தக் கையால?"

அவள் அடுத்த வாய்ச் சோற்றை அள்ளினாள்.