மேல் வீட்டுக் குழாய்

"இப்ப நக்கோம்மா, வேணாம். டைல்ஸை உடைக்க விடமாட்டேன். தீபாவளி கழியட்டும்."

மேல் வீட்டு சௌந்தரராஜன் கதவைப் பாதி திறந்தபடியே சொன்னார். ரோஸ்லின் கூட்டி வந்த பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

"சார், போன மாசமே வந்து சொன்னேனே, உங்க பாத்ரூம் தண்ணிதான் எங்க பெட்ரூம் சீலிங்ல இறங்குது. பூராவும் கறுப்பா பூஞ்சை. நாலு வயசுப் பிள்ளைக்கு மூச்சு இழுக்குது!"

"புரியுதும்மா. கொஞ்சம் பொறுத்துக்க."

கதவு மூடிக்கொண்டது.

ஹைதராபாத் தார்நாகாவில் இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்ததே மழைக்காலத்தில்தான். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்தாலும் மறுபடி கறுத்தது. படுக்கையை ஹாலுக்கு மாற்றியும் அந்த வாடை விடவில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளை பாபுவுக்கு மறுபடி இழுப்பு. நெபுலைசர் வைத்த டாக்டர், "ஈரம் காயாத வீட்டுல மருந்து எப்படிம்மா கேட்கும்? அடுத்த தடவை அட்மிட் பண்ண வேண்டியிருக்கும்" என்றார்.

ரோஸ்லின் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைக் கணவன் ஆண்டனியிடம் கொடுத்துவிட்டு நேரே மாடி ஏறினாள்.

கதவைத் திறந்தது சௌந்தரராஜனின் மனைவி மங்கையர்க்கரசி. ரோஸ்லின் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கதவு வரை நடந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பாத்ரூமைக் காட்டுங்க. எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு நானே பார்க்கிறேன்."

மங்கையர்க்கரசி கையைக் காட்டினாள். ரோஸ்லின் கதவைத் தள்ளினாள்.

தரையில் பொட்டு ஈரமில்லை. பல நாள் புழங்காமல் காய்ந்து கிடந்தது. குழாயைத் துணி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"எனக்கு நுரையீரல்ல ஆபரேஷன் ஆயிருக்கு. தூசி ஆகாது. அதான் தீபாவளி வாக்கில நான் தேறுற வரைக்கும் உடைக்க விடலை. ஆனா நீ முதல் தடவை வந்து சொன்ன அன்னைக்கே பாத்ரூமுக்கு வர்ற தண்ணியை நிறுத்தி, குழாயைக் கட்டிட்டார். ஊறின தளம் காய நாளாகுமாமே, அதுவரைக்கும் பிள்ளை தாங்கணுமேன்னு ஒரே கவலை அவருக்கு."

"இதை சார் ஏன் என்கிட்ட சொல்லவேயில்லை?"

"பிள்ளைக்கு முடியாம தவிக்கிறவகிட்ட, நம்ம நோயைச் சொல்லி வாயை அடைக்கக் கூடாதுன்னுட்டார்."

"இப்ப எங்கே அவர்?"

"கீழே வாட்ச்மேன் குழாய்ல குளிக்கப் போயிருக்கார். எனக்கு உடம்பு துடைக்கவும் அங்கேர்ந்துதான் தண்ணி தூக்கிட்டு வருவார்."