புயல் வந்த திசை

பள்ளி பேண்டு ‘புயல்’ வாசித்து முடித்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. அதை எழுதிய மாஸ்டர் மட்டும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலக் குனிந்து நின்றார். நழுவப் பார்த்தவரை, அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே வசிக்கும் ஒரு பெண் தன் கணவரோடு வந்து மறித்துக்கொண்டாள்.

“பின்னிட்டீங்க மாஸ்டர்! அந்தப் பெரிய டிரம் இடிச்சதுல நெஞ்சே அதிர்ந்துடுச்சு. எங்க கேட்டீங்க இந்தப் புயலை?”

“சும்மா... கற்பனைதாங்க.”

“கதை விடாதீங்க. தூறலே போடாத ஊர்ல கற்பனையில வருமா இவ்வளவு?”

விடுகிற ஆளா அவள்? மாஸ்டருக்குக் காது மடல் வரை சிவந்தது.

“கடைசியில புல்லாங்குழல் மட்டும் விட்டு விட்டு வந்துச்சே, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு!”

“போதும், கிளம்பு,” என்றார் கணவர்.

“இருங்க, அவர் சொல்லட்டும்.”

“அவர் எப்படிச் சொல்வாரு? அவர் வீடு நமக்கு நேர் கீழ. இடி, நான் கதவை அறையறது. ஜல்லுனு அடிச்ச அந்த சிம்பல், நீ தட்டை எறியறது.”

கணவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது.

“அந்தப் புல்லாங்குழல் மட்டும் எனக்குப் புரியலை மாஸ்டர். அது... நான் வெளிய போனப்புறமா?”

மாஸ்டரின் பார்வை அவள் பக்கம் போனது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.